ஒத்தக்காலின் இடது ஃபுட்ரெஸ்ட்

எங்கள் மலையூர் சாந்த் பெலாயில் வந்து சதுர்னி விலார்தெல் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒத்தக்காலு வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், கைப்பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். அவனுக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. நாற்பது வருஷம் மலைமேல் இருக்கிற பண்ணை வீடுகளுக்கெல்லாம் தபால் சுமந்த கால்கள் அவை. பெயர் வந்தது இடது காலால், அதுவும் அரை நொடி நேரத்தில்.

எங்கள் பக்கத்தில் பைக் போட்டி என்றால் வேகம் கிடையாது. ஓடைக்குள், பாறைமேல், மரவேருக்கு நடுவில் வண்டியை ஏற்ற வேண்டும். தரையில் கால் ஊன்றக் கூடாது. ஊன்றினால் ஒரு புள்ளி, புள்ளி குறைந்தவனுக்குப் பரிசு. மேலே நிற்கிற நடுவர், சுத்தமாக ஏறினவனுக்கு மூடிய முஷ்டியைக் காட்டுவார். கால் வைத்தவனுக்கு விரலைக் காட்டுவார். புள்ளிக்கே எங்கள் ஊரில் கால் என்றுதான் பேர். "இன்னிக்கு எத்தன காலு?" என்று ஒருவரையொருவர் விசாரிப்பதைக் கேட்டு, ஏதோ ஆட்டுக்கால் வாங்கப் போகிறார்கள் என்று நினைத்த வெளியூர்க்காரர்கள் உண்டு.

எழுபத்தொன்பதாம் வருஷத் திருவிழாப் போட்டியில் சதுர்னிக்கு இருபத்திரண்டு வயது. கடைசிக் கட்டம்வரை அவன்தான் முன்னால். மிஞ்சி இருந்தது பாதிரியார் படிக்கட்டு ஒன்றுதான். படிக்கட்டு என்று பேரே தவிர, ஓடைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நான்கு பாசிப் பாறைகள். மேலே நடுவராக நின்றவன் இசித்ரா. நாங்கள் மூவரும் ஒரே வகுப்பு, அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சு, ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள். சதுர்னி புகையைக் கிளப்பிக்கொண்டு ஏறி உச்சிக்கு வந்தான்; கரையில் நின்ற எங்களுக்கு அந்தப் புகையில் அவன் கால் தெரியவில்லை. இசித்ரா ஒரு விரலைக் காட்டினான். அந்த ஒரு காலால் பரிசுக்கு வைத்திருந்த முழுப் பன்றித்தொடையும் வீக் நகரத்துக்காரன் ஒருவனோடு பஸ் ஏறிப் போய்விட்டது.

சதுர்னி மறுத்தான். மூன்றாவது பாறையில் இடது ஃபுட்ரெஸ்ட் கழன்று தண்ணீரில் விழுந்தது உண்மை. ஆனால் கால் தரையைத் தொடவில்லை, அந்தரத்தில்தான் இருந்தது என்று ஆணித்தரமாகச் சொன்னான். பாதி ஊர் சிரித்து அவனை ஒத்தக்காலு ஆக்கியது. மீதிப் பாதி ஊர், பன்றித்தொடை போன வயிற்றெரிச்சலில், இசித்ராவுக்கு அரைக்கண்ணு என்று பேர் வைத்தது. அந்தப் பேரை முதலில் சொன்னவன் சதுர்னிதான். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. என் காப்பிக் கடையில் இசித்ரா ஏழு மணிக்குக் குடிப்பான், சதுர்னி பதினொன்றுக்கு. இடையில் நான்கு மணி நேரம் காற்றோட்டம்.

சதுர்னி அதோடு நிற்கவில்லை. கோபத்தில் அந்த வண்டியைக் கடைசித் திருகுவரை கழற்றினான். வண்டி சாதாரண வண்டி இல்லை, புச்மால். எங்கள் மலைக்குக் கீழே மூன்றே வருஷம் நடந்து மூடிய ஒரு சின்னப் பட்டறையில் செய்தது. மொத்தமே இருநூறு வண்டிகூடத் தேறாது. அந்த வருஷம்தான் அவனுக்குத் தபால் வேலை கிடைத்தது. பையில் கடிதத்தோடு ஒவ்வொரு பாகமாக வைத்துக்கொண்டு போய்ப் பண்ணை பண்ணையாகத் தானம் கொடுத்துவிட்டு வந்தான். ஒரு பெட்டி நிறைய இருந்த எஞ்சின் பாகங்களையும் சட்டத்தையும் மட்டும் யாரும் வாங்கவில்லை. அவை மாட்டுக்கொட்டகையிலேயே கிடந்தன.

கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற நாள் அவனுடைய ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது வந்தது. திருவிழாவில் பழைய வண்டிகளுக்கென்று தனிப் போட்டி வைக்க ஆரம்பித்திருந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று என் கடையில் மேசையைத் தட்டினான்.

"தெக்லா, எழுதி வச்சுக்க. அதே வண்டி, அதே படிக்கட்டு. சுத்தமா ஏறிக் காட்டறேன். என் கல்லறையில சதுர்னின்னு எழுதணும், ஒத்தக்காலுன்னு இல்ல."

"கல்லறைக்கு இன்னும் நாளிருக்கு. முதல்ல காப்பிக் கிளாஸ விடு, ஒடஞ்சிடும்" என்றேன். ஆனால் அவன் கிளாஸை விடவில்லை. நாங்கள் விளையாட்டாகக் கூப்பிட்ட பேர் இத்தனை வருஷமாக அவனை உள்ளே குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளும் ஒத்தக்காலு என்றுதான் கூப்பிட்டேன், வேறு பேர் வாயில் வரவில்லை.

அடுத்த ஏழு வருஷமும் அவன் பண்ணை பண்ணையாகக் கையேந்தினான். ஹேண்டில்பார் ஒரு வீட்டுச் சமையலறையில் சாசேஜ் தொங்கவிடும் கம்பியாக இருந்தது.

"அது என்னோடது" என்றானாம் இவன்.

"நீதானே குடுத்த? நாப்பது வருஷமா சாசேஜ் தொங்குது. இத எடுத்துட்டா, காயற வரைக்கும் உன் கழுத்துலயா மாட்டிக்கிட்டு நிக்கப் போற?" என்றாளாம் வீட்டுக்காரி.

புதுக் கம்பி அடித்து மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அதை எடுத்து வந்தான். இன்றைக்கும் வெயிலேறினால் அந்த ஹேண்டில்பாரில் மிளகு வாசனை வரும், தெருநாய்கள் பின்னாலேயே ஓடும். முன் சக்கரம் ஒரு பண்ணையில் சாணி வண்டிக்கு ஓடிக்கொண்டிருந்தது. சைலன்ஸர் ஒரு பன்றித் தொழுவத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனது. அதைப் பிடுங்க வந்தவனைப் பன்றிகள் வாசல்வரை துரத்தின என்று அவனே சொன்னான்.

இத்தனையும் ரகசியமாக நடந்தது என்பது அவன் நினைப்பு. பழைய சாமான் வியாபாரிகள் மோப்பம் பிடித்துவிடுவார்களாம். அதனால் எங்கே போகிறாய் என்று கேட்டால் "காளான் பொறுக்க" என்பான். பிப்ரவரி மாதம், முழங்கால்வரை பனி, கையில் ஸ்பேனர்.

"என்ன காளான்யா இப்ப?" என்று அவன் மனைவி ரமேய் கேட்பாள்.

"இருக்கு."

"எங்க?"

"அதச் சொல்லுவாங்களா?"

அதற்குமேல் அவளாலும் கேட்க முடியாது. எங்கள் ஊரில் கடன் எவ்வளவு, காதலி யார் என்பதையெல்லாம் போதையில் உளறிவிடுவார்கள். காளான் விளையும் இடத்தை மட்டும் சாகும்போதும் சொல்ல மாட்டார்கள். இசித்ராவின் இடம் அதில் பெயர்போனது. ஒவ்வொரு அக்டோபரும் கூடை ததும்பச் செங்காளான் கொண்டுவருவான். எங்கிருந்து என்று அவன் பெற்ற மகளுக்கே தெரியாது. ஒருமுறை நானே பின்தொடர்ந்து போனேன்; மூன்று மணி நேரம் என்னைச் சுற்ற வைத்து, கடைசியில் என் கடை வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டான்.

பெட்ரோல் டேங்க் கதைதான் உச்சம். ஓய்வுபெறும் வருஷம் தபால்பையில் ஒரு கடிதம் வந்தது. உறையின்மேல் "ஒத்தக்காலு, சாந்த் பெலாய்" என்று மட்டும் எழுதியிருந்தது. மாவட்டத்துக்கே தெரிந்த விலாசம். தபால்காரன் இவனேதானே; அதைப் பார்த்தான், முகம் சிவந்தான், "இப்பெயரில் இவ்வூரில் யாரும் இல்லை" என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிட்டான். எழுதியவள் மலையுச்சியில் இருந்த ஒரு விதவை. டேங்கில் செடி வைத்திருந்தேன், செடி பட்டுப்போச்சு, வந்து எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தாள். கடிதம் திரும்பி வந்ததும், ஆள் செத்துப்போய்விட்டான் போல என்று எண்ணி டேங்கை ஹிரோனா நகரத்தில் இருக்கும் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டாள். அவனிடமிருந்து அதை மீட்க இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது.

"உன் மானத்துக்குக் குத்தினது ஒரு முத்திரை, அதுக்கு ஹிரோனா போய்வர ஒன்றர வருஷ பெட்ரோல்" என்று ரமேய் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சென்ற கோடையில் வண்டி எழுந்து நின்றது. நீல டேங்க், வெள்ளிக் கோடு, உதைத்தவுடன் பிடிக்கிற எஞ்சின். ஒன்றே ஒன்று குறை: ஓடையில் விழுந்த அந்த இடது ஃபுட்ரெஸ்ட். அதை அவன் எழுபத்தொன்பதிலேயே மூன்று நாள் தண்ணீருக்குள் துழாவியும் கிடைக்கவில்லை. இப்போது வீக் சந்தையில் பழைய இரும்புக் குவியல்களைக் குடைந்தான். ஜெர்மனியில் ஒருவனிடம் புச்மால் ஃபுட்ரெஸ்ட் இருப்பதாகத் தெரிந்து, இணையத்தில் படம் அனுப்பச் சொன்னான். வந்த படத்தில் இருந்தது வலது. போர்ச்சுகல்காரனிடம் இருந்ததும் வலது. உலகத்தில் இருக்கிற அத்தனை புச்மாலுக்கும் இடது காலைப் பிடுங்கினது யார் என்று என் கடையில் ஆராய்ச்சியே நடந்தது.

கொல்லன் தானே ஒன்று செய்து தருவதாகச் சொன்னான். சதுர்னி ஒற்றைக்காலில் நின்றான், வேண்டாம் என்று.

"புதுசு போட்டு ஏறினா நாளைக்கே ஒரு வாய் சொல்லும், அது வேற வண்டின்னு. அன்னிக்கு எது இருந்துச்சோ அதோடதான் ஏறணும்."

"அப்ப அடுத்த வருஷம் ஏறு."

"நவம்பர்ல முட்டி ஆப்பரேஷன், தெக்லா. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு, அதுக்கப்புறம் பைக் கிடையாது."

திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பதினொரு மணிக் காப்பியைத் தொடாமலே வைத்துவிட்டு, போட்டியிலிருந்து பேரை வாபஸ் வாங்கப் போவதாகச் சொன்னான். நான் கேலி செய்ய வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கு இசித்ரா வந்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"உன் சிநேகிதன் போட்டியில இல்லையாம்."

"எந்த சிநேகிதன்?"

"ஆமா, உனக்கு ஊரு பூரா சிநேகிதன். ஒத்தக்காலு, வேற யாரு?"

செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டே, "ஏன், பயந்துட்டானா?" என்றான்.

"இடது ஃபுட்ரெஸ்ட் கிடைக்கல. நாலு நாடு தேடிட்டான். அது இல்லாம ஏற மாட்டானாம். நவம்பர்ல முட்டிய அறுக்கறாங்க, இதான் கடைசி."

இசித்ரா பக்கத்தைத் திருப்பவே இல்லை. ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். அவன் பாதிக் காப்பி வைத்து நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்துப் புதுத் தபால்காரப் பெண் ஒரு சின்னப் பெட்டியோடு கடைக்குள் வந்தாள்.

"அக்கா, சதுர்னி விலார்தெல்னு இந்த ஊர்ல யாராவது இருக்காங்களா? தெரு முழுக்கக் கேட்டுட்டேன்."

"அட, இதோ உக்காந்திருக்கான் பாரு, நம்ம ஒத்தக்காலு" என்றேன்.

முழுப் பேரில் தபால் வந்ததைப் பார்த்ததும் சதுர்னி நிமிர்ந்து உட்கார்ந்தான். அனுப்பியவர் பேர் இல்லை. ரொட்டி அறுக்கிற கத்தியால் பெட்டியைக் கிழித்தான். செய்தித்தாள் சுருளுக்குள் இருந்தது அந்த இடது ஃபுட்ரெஸ்ட். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தது, துருவே இல்லை. ஆனால் அதை வண்டியோடு பூட்டுகிற இரும்புப் பின் இருக்க வேண்டிய துளையில் ஒரு ஆணி சிக்கியிருந்தது. நடுவில் ஒடிந்த, வளைந்த, மரத்தில் அடிக்கிற சாதாரண இரும்பு ஆணி. அதை மட்டும் யாரும் துடைக்கவில்லை.

சதுர்னி சட்டென்று நாப்கினைப் போட்டு மூடினான். நான் பார்த்துவிட்டேன்.

"அது என்ன ஆணி?"

"உன் அடுப்புல பால் பொங்குது."

"அடுப்பே பத்த வைக்கல. என்ன ஆணின்னு கேட்டேன்."

கடையில் வேறு யாரும் இல்லை. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"போட்டிக்கு முதநாள் சாயந்தரம் பின்னு தொலஞ்சு போச்சு. காலையில கடையும் இல்ல. கோழிக்கூட்டுக் கதவுல இருந்து ஒரு ஆணியப் பிடுங்கி மாட்டிட்டேன். தாங்கும்னு நெனச்சேன்."

"தாங்கலையா?"

"மூணாவது பாறையில ஒடிஞ்சுது."

"அப்ப காலு?"

அவன் நாப்கினை இன்னும் இழுத்து மூடினான். "எங்க போகும்? கீழதான்" என்றான்.

நாற்பத்து நான்கு வருஷம் அந்தரத்தில் தொங்கிய கால் என் கடையில் தரைக்கு இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. இந்த ஃபுட்ரெஸ்ட்டை ஓடையிலிருந்து எடுத்தது யார் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அன்று அந்தப் பாறைகளுக்குப் பக்கத்தில் நின்றவன் இசித்ரா ஒருவன்தான். ஆணியைத் தூக்கி ஊருக்குக் காட்டியிருந்தால், அதை மறைத்தவன் பேச்சை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், ஒரு நிமிஷத்தில் அரைக்கண்ணு என்ற பேர் போயிருக்கும். காட்டாமல், எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துக்கொண்டு, அந்தப் பேரோடேயே கல்யாணம் செய்து, மகளைப் பெற்று, கிழவனாகியிருக்கிறான்.

சதுர்னி எழுந்து நேராக இசித்ரா வீட்டுக்குப் போனான். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். வாசலில் நின்று கதவைத் தட்டக் கையை ஓங்கினான். தட்டவில்லை. கொஞ்ச நேரம் கதவின் நிறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். அங்கிருந்து விழாக் குழுவுக்குப் போய், பேரை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் பாதிரியார் படிக்கட்டில் இசித்ராதான் நடுவராக நிற்க வேண்டும் என்று கேட்டான். ஊரே கிளர்ந்துவிட்டது. பழி வாங்கப் போகிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

போட்டியன்று காலை எட்டு மணிக்கே வழக்கப்படி அவரைக்கொட்டையும் வறுத்த சாசேஜும் வைனுமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு எல்லோரும் ஓடைக்கு நடந்தோம். இசித்ரா மேலே தொப்பியோடு நின்றான். கீழே சதுர்னி. புதுப் பின் போட்டு, பழைய ஃபுட்ரெஸ்ட் மாட்டியிருந்தான். ரமேய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்தா நான் தூக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள். என் கையை விடவில்லை.

முதல் பாறை ஏறினான், இரண்டாவது ஏறினான். அறுபத்தாறு வயதுக் கிழவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு லாவகம். மூன்றாவதில் பின் சக்கரம் பாசியில் வழுக்கியது. வண்டி சாய்ந்தது. இடது கால் பாறையில் ஊன்றி, தள்ளி, மறுபடி ஏறியது. அரை நொடிதான். கரையில் நின்ற நூறு பேரும் பார்த்தோம். ரமேய் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் உச்சிக்குப் போய் நின்றான்.

இசித்ரா கையைத் தூக்கினான். முஷ்டி மூடியிருந்தது.

சதுர்னி எஞ்சினை நிறுத்தினான்.

"யோவ்! ஒண்ணு! கால் வச்சேன்!"

"நான் பாக்கல" என்றான் இசித்ரா. நாற்பத்து நான்கு வருஷத்தில் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை.

"ஊரே பாத்துச்சுய்யா!"

"ஊருக்கு முழுக்கண்ணு. எனக்கு அரைக்கண்ணுதானே? நீ வச்ச பேரு."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சதுர்னி சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினான். சட்டைப் பையிலிருந்து அந்த ஒடிந்த ஆணியை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னிக்கும் வச்சேன். பின்னுக்குப் பதிலா இத மாட்டிட்டு வந்தேன். ஒடிஞ்சுது, கால் கீழ போச்சு. இவன் சரியாத்தான் பாத்தான். நான்தான் பொய் சொன்னேன்." இசித்ரா பக்கம் கையைக் காட்டினான். "இந்த ஊர்ல இவன் கண்ணு மாதிரி ஒரு கண்ணு கிடையாது."

இசித்ரா தொப்பியை இழுத்து முகத்தின்மேல் விட்டுக்கொண்டான். பிறகு மூடிய முஷ்டியிலிருந்து ஒரு விரல் மெல்ல நிமிர்ந்தது.

"இப்பத் தெரியுது" என்றான்.

"ஏன்டா இத அன்னிக்கே காட்டல?"

"ஒத்தக்காலுன்னு கூப்பிட்டா சமாளிச்சுக்குவ. ஆணின்னு கூப்பிட்டா தாங்க மாட்டன்னு நெனச்சேன்."

அவன் சொல்லி முடிக்கவில்லை, கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஆணி!" மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது நடு மேசையிலிருந்து, "ஆணிக்கு இன்னொரு கரண்டி அவரைக்கொட்டை போடுங்கப்பா" என்றார்கள். மாலையில் சின்னக் குழந்தைகள்வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

"நாப்பது வருஷமா ஒத்தக்காலு பெண்டாட்டி. இப்பதான் அதுக்குப் பழகினேன், உடனே மாத்திட்டான்" என்று ரமேய் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏழு வருஷம் பன்றிகளிடம் துரத்தல் வாங்கி அவன் கேட்டது, ஒத்தக்காலு என்ற பேர் போக வேண்டும் என்பது. அது போய்விட்டது. அன்றைக்குப் பிறகு அந்தப் பேரை நான்கூடச் சொன்னதில்லை.

அக்டோபரில் நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, பதினொரு மணிக்குத் தபால்காரப் பெண் ஒரு உறையோடு வந்தாள். மேலே "ஆணி, சாந்த் பெலாய்" என்று மட்டும் எழுதியிருந்தது. இவனைப் பார்த்து அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த முறை அவன் முத்திரை எதுவும் தேடவில்லை. கையை நீட்டி வாங்கினான். உள்ளே எழுத்து ஒன்றும் இல்லை. பென்சிலால் போட்ட ஒரு படம்: ஓடை, ஒரு வளைவு, நான்கைந்து பைன் மரம், அதில் ஒரு மரத்தடியில் பெருக்கல் குறி.

அந்தப் பெருக்கல் குறியை விரலால் தொட்டான். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

நான் எட்டிப் பார்த்தேன். உடனே கையால் மறைத்தான்.

"என்னய்யா அது? காட்டு."

"தபால்" என்றான். மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, காளான் கூடை எடுக்க வீட்டுக்குப் போனான்.